கிணற்றுக்குள் காணாமல் போன 11 மீட்டர்

மதுரை மாவட்டம் சோழவந்தான் பக்கம் சித்தப்பாவுக்கு ஒரு கிணறும் அதை நம்பி வாழையும் தென்னையும் இருக்கின்றன. அந்தக் கிணற்றில் ஓடும் 5 எச்.பி. மோனோபிளாக் மோட்டாரை (மோட்டாரும் பம்பும் ஒரே உடம்பாக இருப்பது) தொடாமலேயே, மணிக்கு 24,000 லிட்டர் கொட்டிக்கொண்டிருந்த தண்ணீரை 37,000 லிட்டருக்குக் கொண்டுவந்திருக்கிறோம். மாற்றியது குழாயும், அதன் அடிமுனையில் தண்ணீருக்குள் இருக்கும் ஃபுட்வால்வும்தான். எப்படி அளந்தோம், எதைக் கழற்றினோம், எதை மாட்டினோம் என்று விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பக்கத்தில் நான் எட்டிப் பார்த்த கிணறுகளில் பாதிக்கு மேல் இதே நிலைமைதான்.

தண்ணீர் வரத்து குறைந்துவிட்டது என்று சித்தப்பா முதலில் மெக்கானிக்கைத்தான் கூப்பிட்டார். அவர் கேசிங்கில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மோட்டாருக்கு வயசாகிப்போச்சுண்ணே, ரெண்டு தடவை ரீவைண்டிங் பார்த்தாச்சு, பேசாம ஏழரை போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏழரை எச்.பி. என்றால் மோட்டார் விலை ஒரு பக்கம், இணைப்பின் குதிரைத்திறனைக் கூட்டச் சொல்லி மின்வாரியத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியது இன்னொரு பக்கம். "அளந்து பார்த்துட்டு முடிவு பண்ணுவோம் சித்தப்பா" என்றேன். "கரண்டு என்ன காசு குடுத்தா வாங்குறோம், அதைப் போயி எதுக்குப்பா அளக்கணும்" என்றார் அவர்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1990 வாக்கிலிருந்து விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம், பெரும்பாலான இணைப்புகளில் மீட்டரே கிடையாது. மீட்டர் இல்லாத இடத்தில் எத்தனை யூனிட் போகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் காரணம் இல்லை. ஆனால் மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது. அந்த நேரத்துக்குள் எவ்வளவு தண்ணீர் மேலே ஏறுகிறதோ அதுதான் அன்றைக்கு வாழைக்கு. ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டுமென்றால் ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் வேண்டும். மணிக்கு 24,000 லிட்டர் என்றால் எட்டரை மணி நேரம், 37,000 லிட்டர் என்றால் ஐந்தரை மணி நேரத்துக்குள் முடியும். இதைச் சொன்ன பிறகுதான் சித்தப்பா டேப்பை எடுத்துக்கொண்டு கூடவே இறங்கினார். மின்சாரம் இலவசமாக இருப்பதால் சிக்கனம் வேண்டாம் என்று நினைக்கிறோம், ஆனால் வீணாகிற ஒவ்வொரு வாட்டும் வயலுக்கு வராமல் போன தண்ணீர்.

அளக்க வேண்டியது மூன்றே மூன்று. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரம், எவ்வளவு மின்சாரம்.

தண்ணீருக்குத் தொட்டியையே பயன்படுத்தினோம். உள்பக்கம் 3 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், ஆக ஒரு செ.மீ. ஏறினால் 75 லிட்டர். சுவரில் கரிக்கட்டியால் 40 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு, நடுவில் 3,000 லிட்டர். தொட்டியின் மதகை அடைத்துவிட்டு ஸ்டாப்வாட்ச்சைத் தட்டினால் 7 நிமிடம் 30 விநாடி, அதாவது விநாடிக்கு 6.67 லிட்டர். ஒன்று கவனிக்க வேண்டும்: மோட்டாரைப் போட்டவுடன் அளக்கக் கூடாது. கிணற்று மட்டம் கொஞ்சம் இறங்கி ஊற்றோடு சமமாகி நிற்க அரை மணி நேரமாவது ஓட விட வேண்டும், இல்லையென்றால் கணக்கு ஆளுக்கு ஒன்றாக வரும்.

உயரத்துக்குக் கயிறும் டேப்பும் போதும். பம்பு கிணற்றுக்குள்ளே பாதி ஆழத்தில் ஒரு திட்டில் உட்கார்ந்திருக்கிறது. மேலே வைக்காமல் ஏன் உள்ளே இறக்கி வைத்திருக்கிறார்கள் என்பது பம்பு வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும், "இருபது அடிக்கு மேல சக்‌ஷன் இழுக்காது" என்பார்கள். சக்‌ஷன் என்பது தண்ணீரிலிருந்து பம்பு வரை வரும் பக்கம், பம்பிலிருந்து மேலே போவது டெலிவரி. பம்பு தண்ணீரைத் தானாக மேலே இழுப்பதில்லை, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கிறது, வெளியே இருக்கும் வளிமண்டலம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. அந்த வளிமண்டலத்தால் தாங்க முடிந்தது சுமார் 10.3 மீட்டர் தண்ணீர்த் தூண்தான். 1643-ல் டோரிசெல்லி பாதரசக் குழாயை வைத்துக் காட்டியது இதைத்தான். நடைமுறையில் குழாய் உராய்வு, நீராவி அழுத்தம் எல்லாம் கழிந்து 6, 7 மீட்டர் கிடைத்தால் பெரிது. எங்கள் கிணற்றில் தண்ணீர் மட்டத்திலிருந்து பம்பு வரை 4.6 மீட்டர், பம்பிலிருந்து தொட்டிக்கு மேலே தண்ணீர் கொட்டும் வாய் வரை 11.4 மீட்டர். மொத்தம் 16.

மின்சாரத்துக்கு, கம்பியைக் கவ்வி அளக்கும் டாங் டெஸ்டரில் வாட்டும் காட்டுகிற ஒன்றை எலக்ட்ரீஷியன் நண்பரிடம் வாங்கி வந்தேன். சாதாரண டாங் டெஸ்டர் ஆம்பியரை மட்டும் காட்டும், அதை வைத்து மின்சாரச் செலவைச் சொல்ல முடியாது. அன்றைக்கு 380 வோல்ட், 7.4 ஆம்பியர், பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்னோட்டத்தில் வேலைக்கு ஆகும் பங்கு) 0.82. மூன்று பேஸுக்கும் சேர்த்து வாட் கணக்கு 4,000-க்குக் கிட்ட.

இப்போது கணக்கு. விநாடிக்கு ஒரு லிட்டரை ஒரு மீட்டர் உயர்த்த 9.81 வாட் வேண்டும். 6.67 லிட்டர், 16 மீட்டர், 9.81 மூன்றையும் பெருக்கினால் 1,047 வாட். உள்ளே போவது 4,000, வேலையாக வெளியே வருவது 1,047. நூற்றுக்கு 26. மீதி 74-ம் கிணற்றுக்குள்ளேயே சூடாகவும் சுழலாகவும் போய்விடுகிறது.

சரி, அந்த 74 எங்கே போகிறது என்று தெரியாமல் எதையும் கழற்றக் கூடாது. பெரும்பாலான மோனோபிளாக் பம்புகளில் சக்‌ஷன் பக்கமும் டெலிவரி பக்கமும் சின்ன திருகுமூடி ஒன்று இருக்கும், அதைக் கழற்றிவிட்டு அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டலாம். சக்‌ஷன் பக்கம் வேக்குவம் கேஜ், டெலிவரி பக்கம் பிரஷர் கேஜ், இரண்டும் மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு கடையில் வாங்கியவை. பெரிய விலை இல்லை, ஊரில் நாலு கிணற்றுக்குப் பொதுவாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளலாம்.

வேக்குவம் கேஜில் பாதரசக் கணக்கு 545 மி.மீ. பாதரசம் தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனம், ஆக அது 7.4 மீட்டர் தண்ணீருக்குச் சமம். இழுக்க வேண்டிய உயரமோ 4.6 மீட்டர். 2.8 மீட்டர் சும்மா கூடியிருக்கிறது, அதுவும் பம்பின் எல்லைக்குப் பக்கத்தில். பம்புக்குள்ளே கூழாங்கல்லை உருட்டுவது மாதிரி ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததற்கு இதுதான் காரணம். அழுத்தம் அளவுக்கு மீறிக் குறையும்போது தண்ணீர் குளிர்ந்தபடியே கொதித்து நீராவிக் குமிழாகி, தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லர் சக்கரத்துக்குள்ளே அழுத்தம் கூடும் இடத்தில் உடைகிறது. உடைகிற ஒவ்வொரு குமிழும் இம்பெல்லரின் இரும்பைத் துளித்துளியாக அரித்து எடுக்கும். பேரிங் சத்தம் என்று நினைத்து பேரிங்கை மாற்றியவர்கள் நிறையப் பேர்.

டெலிவரி பக்கம் சதுர செ.மீ.க்கு 1.94 கிலோ, அதாவது 19.4 மீட்டர். ஏற்ற வேண்டியது 11.4. இங்கே 8 மீட்டர் கூடுதல். இரண்டு கேஜையும், அவற்றுக்கு நடுவில் இருக்கும் சின்ன வித்தியாசங்களையும் கூட்டினால் பம்பு 27 மீட்டருக்கு வேலை பார்க்கிறது. தண்ணீர் உண்மையில் ஏறுவது 16 மீட்டர். 11 மீட்டர் குழாய்க்குள் காணாமல் போகிறது!

இதை வைத்து மொத்தத்தையும் பிரித்துப் பார்க்கலாம். ரீவைண்டிங் பார்த்த 5 எச்.பி. மோட்டாருக்கு 80 சதவீதம் என்று வைத்தேன். பம்பு 27 மீட்டருக்குத் தள்ளுவதைக் கணக்கிட்டால் அதன் திறன் 55 சதவீதம் வருகிறது, பழைய பம்புக்கு அது மோசம் இல்லை. குழாய் 27-ல் 16, அதாவது 59 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் அதே 26. ஆக மெக்கானிக் கைகாட்டிய மோட்டார்தான் இந்த மூன்றில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. ஏழரை எச்.பி. போட்டிருந்தால் இன்னும் அதிகத் தண்ணீரை அதே ஒடுக்கமான குழாய்க்குள் திணித்து, இழப்பையும் சேர்த்து வளர்த்திருப்போம்.

குழாய்க்கு வருவோம். டெலிவரியில் இருந்தது 2 இஞ்சு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), சுமார் 20 மீட்டர் நீளம், நான்கு எல்போ (சட்டென்று மடங்கும் திருப்பம்). பம்பின் டெலிவரி வாய் 2 இஞ்சு என்பதால் குழாயும் 2 இஞ்சு போட்டுவிட்டார்கள். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், வாய் எவ்வளவோ குழாய் அவ்வளவு என்று. பம்பின் வாய் சிறிதாக இருப்பது ஒரு சாண் நீளத்துக்குத்தான், அதற்கு மேல் அதே அளவில் 20 மீட்டர் போக எந்தக் கட்டாயமும் இல்லை. 2 இஞ்சுக்குள் விநாடிக்கு 6.67 லிட்டர் போனால் தண்ணீரின் வேகம் விநாடிக்கு 3 மீட்டர். அந்த வேகத்தில், உள்ளே துருப்பிடித்த ஜிஐ குழாயில் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 30 செ.மீ.க்கு மேல் உயரம் உராய்வில் போகிறது. 20 மீட்டருக்கு 6 மீட்டரைத் தாண்டும். எல்போ ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 40 செ.மீ. சாப்பிடும்.

இதில் விவசாயிகள் எல்லோருக்கும் தெரிய வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. ஒரே அளவு தண்ணீர் போகும்போது, உராய்வு குழாயின் உள்விட்டத்தின் ஏறத்தாழ ஐந்தாம் அடுக்கில் குறைகிறது. உள்ளே 53 மி.மீ. இருந்ததை 82 மி.மீ. ஆக்கினால் விட்டம் ஒன்றரை மடங்குதான், உராய்வோ எட்டில் ஒரு பங்காகிவிடும். அதற்கு மேல் பிவிசியின் வழவழப்பு இருக்கிறது. குழாய்க் கடையில் 63 மி.மீ.க்கும் 90 மி.மீ.க்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் இந்த எட்டைப் பார்க்க வேண்டும்.

குஜராத்தில் 1980களிலேயே வயல் வயலாகப் போய், பம்புசெட்டுகளில் ஃபுட்வால்வையும் குழாயையும் மாற்றி அளந்து பார்த்திருக்கிறார்கள். இத்தனை வருடம் கழித்தும் நம் ஊர் கிணறுகளில் 2 இஞ்சு ஜிஐ தொங்குவதைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

அப்புறம் வேலையைத் தொடங்கினோம். ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் கிணற்றில் இறங்க வேண்டும், மெயினை ஆஃப் பண்ணியிருக்கிறோம் என்ற நம்பிக்கை போதாது, மேலே யாராவது தெரியாமல் போட்டுவிடுவார்கள். ஜிஐ குழாயை நீளமாகத் தூக்கினால் ஆள் மேல் விழும், அதனால் ஆக்சா பிளேடால் துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் மேலே ஏற்றினோம். அறுத்த வாயைப் பார்த்த சித்தப்பா பேசவே இல்லை. உள்ளே துரு சுற்றிலும் செதில் செதிலாகப் படிந்து, பெருவிரலைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டைதான் சில இடங்களில் மிச்சம்.

ஃபுட்வால்வு இன்னும் மோசம். சல்லடையைச் சுற்றிப் பாசியும் வேரும் பின்னிக்கொண்டு, பாதிக் கண் அடைபட்டிருந்தது. உள்ளே இருக்கும் மூடி முழுசாகத் திறக்காமல் சாய்ந்தபடி நின்றது. புதிதாக வாங்கும்போது இரண்டு விஷயம் பார்த்தேன். சல்லடைக் கண்களின் மொத்தப் பரப்பு குழாயின் வாயைப் போல சில மடங்காவது இருக்க வேண்டும், மூடி கையால் தள்ளினால் லேசாக முழுதும் திறக்க வேண்டும். 3 இஞ்சு வாங்கினோம்.

சக்‌ஷனிலும் டெலிவரியிலும் 90 மி.மீ. பிவிசி, அதாவது 3 இஞ்சுக் குழாய். சக்‌ஷனுக்கு மட்டும் கனமான குழாய், உள்ளே வேக்குவம் இருப்பதால் மெல்லியது சப்பிப்போகும். பம்பின் சக்‌ஷன் வாய் இரண்டரை இஞ்சு, குழாய் 3 இஞ்சு, நடுவில் ரெடியூசர். கடையில் கிடைப்பது நடுவில் கூம்பாகச் சுருங்குவது, அதைப் படுக்கை வாட்டத்தில் மாட்டினால் மேல்பக்கம் காற்று தங்கும். அதனால் வாடிப்பட்டியில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி, மேல்பக்கம் நேராகவும் கீழ்பக்கம் மட்டும் சரிவாகவும் இருக்கிற மாதிரி தகட்டில் செய்து வாங்கினோம். டெலிவரி பக்கத்துக்குச் சாதாரண ரெடியூசர் போதும், அங்கே அழுத்தம் இருப்பதால் காற்று தங்காது.

எல்போவுக்குப் பதில் நீளமான பெண்டு போட்டோம், அதுவும் இரண்டுதான் தேவைப்பட்டது, வழியைக் கொஞ்சம் மாற்றியதில் மற்ற இரண்டு திருப்பமும் போய்விட்டன. ஜிஐ தன் பலத்தில் நிற்கும், பிவிசி நிற்காது. கிணற்றுச் சுவரில் பட்டை இரும்பை அடித்து இடைவெளி விட்டு கிளாம்ப் போட்டோம், இல்லாவிட்டால் தண்ணீர் நிறைந்த குழாயின் பாரம் முழுக்க பம்பின் ஃபிளாஞ்சில் (குழாயை போல்ட் போட்டு இணைக்கும் வளையத்தில்) உட்காரும். வெயில் படும் இடத்தில் வெள்ளைப் பெயிண்ட் அடித்தாயிற்று, மதுரை வெயிலில் பெயிண்ட் இல்லாத பிவிசி கொஞ்ச வருடத்தில் நொறுங்கிவிடும்.

தொட்டியில் தண்ணீர் கொட்டும் வாயைத் தாழ்த்துவதற்குத்தான் பெரிய பஞ்சாயத்து. வாய் தொட்டி விளிம்புக்கு மேலே ஆளுயரத்துக்குக் கிட்ட இருந்தது. அங்கிருந்து விழுகிற தண்ணீர் பார்க்க அழகு, குளிக்கவும் வசதி. ஆனால் ஏற்றிவிட்டுக் கீழே போடுகிற உயரம் அத்தனையும் தண்டம். "தண்ணி கொட்டுறது ரோட்டுல இருந்து பார்த்தா தெரியணும்ப்பா" என்றார் சித்தப்பா. 1.2 மீட்டர் இறக்க ஒப்புக்கொண்டார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, வாயைத் தண்ணீருக்குள் அமுக்கி வைத்தால் ஃபுட்வால்வு ஒழுகும் நாளில் தொட்டித் தண்ணீர் திரும்பிக் கிணற்றுக்கே இறங்கிவிடும். விளிம்புக்குச் சற்று மேலே இருப்பதுதான் சரி.

குழாய் ஒட்டும் சொல்யூஷன் நன்றாகக் காய்ந்த பிறகு பம்பில் தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சக்‌ஷனில் ஊசிமுனை அளவு காற்று நுழைந்தாலும் செய்த வேலை அத்தனையும் வீண். மட்டம் அசையவில்லை. கேரியரை மாட்டி ஸ்டார்ட்டரைப் போட்டதும் முதலில் பார்த்தது ஆம்பியரைத்தான். இது முக்கியம்: தலைக்கு மேல் இருக்கும் பாரம் குறைந்தால் சென்ட்ரிஃபியூகல் பம்பு அதிகத் தண்ணீர் தள்ளும், அதிகத் தண்ணீர் தள்ளினால் மோட்டார் அதிகம் இழுக்கும். பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் ஆம்பியரைத் தாண்டினால் டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூட வேண்டி வரும். எங்களுக்கு 7.4 இருந்தது 7.7 ஆனது, பலகையில் போட்டிருப்பதற்குள்தான். வாட் கணக்கு 4,150.

அதே கரிக்கோடு, அதே 3,000 லிட்டர், 4 நிமிடம் 50 விநாடி. விநாடிக்கு 10.3 லிட்டர். வேக்குவம் கேஜ் 545-லிருந்து 420-க்கு வந்தது. டெலிவரி கேஜ் 1.1 கிலோ. பம்பு இப்போது 17.3 மீட்டருக்கு வேலை பார்க்கிறது, தண்ணீர் ஏறுவது 14.8. குழாயின் கணக்கு 59-லிருந்து 85 சதவீதம் ஆனது. மொத்தத்தில் 26 இருந்தது 36. ஒரு யூனிட்டுக்கு 6,000 லிட்டர் கிடைத்த இடத்தில் ஏறக்குறைய 9,000. உருட்டுகிற சத்தமும் நின்றுவிட்டது. எல்லாம் சேர்ந்து ஆன செலவு புது மோட்டார் விலையில் பாதிக்குக் கிட்ட.

கெப்பாசிட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் குழப்பம் அதிகம். 2 கேவிஏஆர் கெப்பாசிட்டர் மாட்டினோம், மெயினில் ஆம்பியர் 7.7-லிருந்து 6.6 ஆனது. "பார்த்தியா, கரண்டு மிச்சம்" என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சந்தோஷப்பட்டார். வாட் மீட்டரில் அதே 4,150-தான். மோட்டாருக்கு வேண்டிய காந்தப்புலத்துக்கான மின்னோட்டத்தை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இழுக்காமல் கெப்பாசிட்டரே பக்கத்தில் இருந்து கொடுக்கிறது, அவ்வளவுதான். கம்பியில் இழப்பு குறையும், கடைசிக் கிணற்றுக்கும் வோல்டேஜ் கொஞ்சம் ஏறும், அதற்காகவே எல்லோரும் மாட்ட வேண்டும். ஆனால் தண்ணீர் ஒரு சொட்டும் அதிகமாகாது.

36-ம் கடைசி எல்லை இல்லை. நல்ல மோட்டாரும் சரியான பம்பும் போட்டால் 50-ஐத் தொடலாம். 27 மீட்டருக்கு என்று அன்றைக்குத் தேர்ந்தெடுத்த பம்பு இப்போது 17 மீட்டரில் ஓடுகிறது, அதன் இம்பெல்லர் இந்த உயரத்துக்குச் சரியான ஆள் இல்லை. அடுத்த தடவை மோட்டார் புகைந்தால் மின்சிக்கன நட்சத்திரக் குறியை மட்டும் பார்க்காமல், 17 மீட்டரில் எந்த பம்பு நன்றாகத் தள்ளும் என்று கம்பெனிக்காரர்கள் தரும் அட்டவணையைப் பார்த்து வாங்க வேண்டும் என்று சித்தப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கோடையில் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதுதான் பாக்கி. வைகைப் பேரணையில் தண்ணீர் திறந்து கால்வாய் ஓடும் மாதங்களில் கிணறு ஏறி நிற்கும், நாங்கள் அளந்ததும் அப்படி ஒரு சமயத்தில்தான். முன்பெல்லாம் பங்குனியிலேயே மட்டம் கொஞ்சம் இறங்கியதும் பம்பு திணற ஆரம்பித்துவிடும், ஏற்கெனவே 7.4 மீட்டரில் மூச்சுப்பிடித்து இழுத்துக்கொண்டிருந்ததால் ஒரு முழம் இறங்கினாலும் தாங்கவில்லை. இப்போது 5.7-ல் இருக்கிறது, இன்னும் ஒன்றரை மீட்டர் இறங்கினாலும் சமாளிக்கும். அதற்கும் கீழே போனால் பம்பை அடுத்த திட்டுக்கு இறக்க வேண்டும், அதற்குத் தோதாக சக்‌ஷன் குழாயின் நடுவில் ஒரு ஃபிளாஞ்ச் ஜோடி வைத்திருக்கிறோம். வேக்குவம் கேஜை அப்படியே பம்பில் விட்டிருக்கிறேன், முள் 500-ஐத் தாண்டினால் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.